எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டில் மலைச் சாலை இறங்கலாமா? கீழ் கோத்தகிரி சரிவு சொல்லும் கணக்கு

எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்தான். எவ்வளவு வேகம் போகும்? ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? சென்னை மாதிரி சமதளமான ஊரில் இந்த இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டால்கூட ஓரளவு சமாளித்துவிடலாம். ஆனால் கீழ் கோத்தகிரியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இறங்கும்போது இது நிற்குமா?

நீலகிரியில் சாலை என்றாலே ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். கோத்தகிரி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். நடுவில் இருக்கும் 33 கி.மீ. சாலையில் ஏறத்தாழ 1,450 மீட்டர் இறங்கியாக வேண்டும். கோத்தகிரியில் இருந்து கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் போகும் சாலைகளும், ஹட்டிகளுக்குள் இறங்கும் சிமென்ட் சாலைகளும் இதே மாதிரிதான். சில இடங்களில் சரிவு இதைவிடச் செங்குத்தாகவே இருக்கும்.

இந்தச் சரிவில் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு எப்படி நடந்துகொள்ளும், எந்த ஹெல்மெட் காப்பாற்றும், சட்டம் என்ன சொல்கிறது, விழுந்தால் என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு எப்படி ஓடுது?

சாதாரண ஸ்கேட்போர்டைக் காலால் உந்தித் தள்ள வேண்டும். எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டில் பலகைக்குக் கீழே லித்தியம் அயன் பேட்டரி, ஒன்றோ இரண்டோ மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் ஒரு சர்க்யூட் இருக்கும். ஓட்டுபவர் கையில் சின்ன ரிமோட். முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் பிரேக். ஹேண்டில்பார் கிடையாது, பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. உடம்பைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது பிரேக். சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் டிஸ்க் அல்லது டிரம் பிரேக் இருக்கும். பெரும்பாலான எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டுகளில் அப்படித் தனியாக ஒரு பிரேக்கே கிடையாது. ஓட்டுகிற மோட்டார்தான் நிறுத்தவும் செய்கிறது. பிரேக் கொடுக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓடுகிற வேகத்தை மின்சாரமாக்கி, அதை பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. இதற்கு ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்று பெயர்.

கேட்க சூப்பரா இருக்கு இல்லையா? பிரேக் போட்டா சார்ஜ் ஏறுது. ஆனால் மலையில் சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான்.

ஃபுல் சார்ஜ் போட்டு இறங்கினால் என்ன ஆகும்?

ராத்திரி சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு வீட்டை விட்டுக் கிளம்புவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஃபோனுக்கு அது சரி. மலை உச்சியில் வீடு இருப்பவரின் ஸ்கேட்போர்டுக்கு அது ஆபத்து.

ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரியும் அப்படித்தான். 100 சதவீதம் இருக்கும் பேட்டரிக்கு பிரேக்கில் இருந்து மின்சாரம் திரும்பி வந்தால், அதை வாங்கிக்கொள்ள இடம் இல்லை. வோல்டேஜ் எல்லை மீறிப் போகும். பேட்டரி தீப்பிடிக்காமல் இருக்க, பாதுகாப்பு சர்க்யூட் அந்த இணைப்பைத் துண்டிக்கும். அந்த நொடியில் பிரேக் பலவீனமாகும், அல்லது மொத்தமாகவே போய்விடும். சில போர்டுகள் பீப் சத்தம் போட்டு எச்சரிக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. "ஃபுல் சார்ஜில் நீண்ட இறக்கத்தில் இறங்க வேண்டாம்" என்ற எச்சரிக்கை பல போர்டுகளின் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பதுதான் பிரச்னை.

எவ்வளவு மின்சாரம் திரும்பி வரும்? ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுபவர் 75 கிலோ, போர்டு 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் ஒரு கிலோமீட்டர் போனால் 100 மீட்டர் இறங்கியிருப்பார். அதில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 23 வாட் ஹவர். அதாவது ஒரு லேப்டாப் பேட்டரியில் ஏறத்தாழ பாதி. சக்கர உராய்வும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் அவ்வளவையும் பிரேக்தான் வாங்கியாக வேண்டும். வாங்கிக்கொள்ள இடம் இல்லையென்றால் அந்த ஆற்றல் வேகமாக மாறும். சரிவில் ஏறிய வேகத்தைக் காலை ஊன்றி நிறுத்துவது பல வருடப் பயிற்சி உள்ளவர்களுக்கே கஷ்டம்.

ரிமோட்டும் ஒரு பலவீனமான கண்ணி. அது வயர்லெஸ். அதன் பேட்டரி தீர்ந்தாலோ, இணைப்பு ஒரு நொடி அறுந்தாலோ பிரேக் கொடுக்க வழியே இல்லை. சமதளத்தில் போர்டு தானாக மெதுவாகி நின்றுவிடும். இறக்கத்தில் நிற்காது.

நிற்க எவ்வளவு தூரம் வேணும்?

பிரேக் நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும் சரிவு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். சமதளத்தில் ஒவ்வொரு நொடியும் 9 கி.மீ. வேகத்தைக் குறைக்கக்கூடிய பிரேக் என்று எடுத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று சரிவில் புவியீர்ப்பு அதில் இருந்து 3.5 கி.மீ.யைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் 5.5 கி.மீ.தான். ஆபத்தைப் பார்த்து விரல் ரிமோட்டை இழுக்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியும் போர்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கணக்கு இப்படி வருகிறது:

- சமதளம், 25 கி.மீ. வேகம்: நிற்க சுமார் 17 மீட்டர்
- சரிவு, 25 கி.மீ. வேகம்: சுமார் 23 மீட்டர்
- சரிவு, 15 கி.மீ. வேகம்: சுமார் 10 மீட்டர்

இது காய்ந்த சாலைக்கான கணக்கு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால், கோத்தகிரி பக்கம் மூடுபனியில் 15 மீட்டர் தூரம் தெரிந்தாலே பெரிய விஷயம். 15 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது, நிற்க 23 மீட்டர் வேண்டும் என்றால், வளைவுக்கு அந்தப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றி வரும் வண்டியோ, சாலையில் படுத்திருக்கும் மாடோ தெரியும்போது ஏற்கெனவே லேட்.

நீலகிரிக்கே உரிய இன்னொரு ஆபத்து காட்டெருமை. தேயிலைத் தோட்டத்தில் இருந்து சட்டென்று சாலைக்கு இறங்கும். பைக் சத்தம் கேட்டால் விலங்குகள் உஷாராகும். எலெக்ட்ரிக் போர்டு கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல் வரும். சாலையோரம் நடந்து போகிறவர்களுக்கும் இதே பிரச்னைதான். பின்னால் ஒன்று வருகிறது என்பதே தெரியாது.

சின்னச் சக்கரம், பெரிய பிரச்னை

ஸ்கேட்போர்டு சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் 8 முதல் 11 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும். சைக்கிள் சக்கரம் சாதாரணமாக ஏறிக் கடந்துவிடும் கல், இந்தச் சக்கரத்துக்குச் சுவர் மாதிரி. நெல்லிக்காய் அளவு ஜல்லி ஒன்று மாட்டினாலே போர்டு நின்றுவிடும், மேலே நிற்பவர் நிற்க மாட்டார். அதே வேகத்தில் முன்னால் பறந்து போய் விழுவார்.

மழைக்குப் பிறகு மண்ணும் ஜல்லியும் சாலையில் அரித்து வந்து கிடக்கும். சில்வர் ஓக் மர இலைகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வழுக்கும். யூரித்தேன் சக்கரங்களுக்கு ஈரத் தாரில் பிடிப்பு ரொம்பக் குறைவு. சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறினால் இன்னும் மோசம். வேகத்தடை, வடிகால் கம்பி மூடி, தார் பெயர்ந்த ஓரம், இதெல்லாம் காரில் போகிறவர் கண்ணில்கூடப் படாது. போர்டில் நிற்பவருக்கு ஒவ்வொன்றும் ஒரு விபத்து.

தலை தரையில் மோதும் வேகம் எவ்வளவு?

"நான் மெதுவாத்தான் ஓட்டுறேன், ஹெல்மெட் எதுக்கு?" ஹெல்மெட் போடாதவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம் இது. இதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது.

தலை சாலையில் மோதும் வேகத்தை போர்டின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. தலை எவ்வளவு உயரத்தில் இருந்து விழுகிறது என்பதும் முக்கியம். நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் தலை 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நேராகக் கீழே வந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 20 கி.மீ. போர்டு நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குதான். ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேகமும் சேர்ந்துகொள்ளும்.

சைக்கிள், ஸ்கேட்போர்டு ஹெல்மெட்களுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1078. அந்தச் சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பில் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். அதாவது மணிக்கு 19.5 கி.மீ. சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து தலை விழும் வேகம். மெதுவாக ஓட்டி விழுகிறவரைத்தான் இந்த ஹெல்மெட் மனதில் வைத்திருக்கிறது.

ஹெல்மெட் என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான ஃபோம் நசுங்குகிறது. வெறும் தலை சாலையில் மோதினால் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். ஃபோம் நசுங்கும்போது அந்தத் தூரம் இரண்டு சென்டிமீட்டர் வரை நீள்கிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கு ஆனால் மண்டையோட்டின் மேல் வரும் விசை ஏறத்தாழ பத்தில் ஒன்று ஆகிறது. உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த இரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 13 வயதில் ஸ்கேட்போர்டிங்கில் வெண்கலம் வென்ற பிரிட்டன் வீராங்கனை ஸ்கை பிரவுனுக்கு, அதற்கு முந்தைய வருடம், 2020-ல் கலிபோர்னியாவில் பயிற்சியின்போது மோசமான விபத்து நடந்தது. உயரத்தில் இருந்து விழுந்து மண்டையோட்டில் முறிவு, இடது கையில் எலும்பு முறிவு. அப்போது அவர் ஹெல்மெட் அணிந்திருந்தார். ஒரு வருடத்தில் பதக்க மேடையில் நின்றார்.

பைக் ஓட்டுபவர்கள் மீது நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது. மறுபக்கம் இந்தியாவின் நிலவரம்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள், 64,105, பதிவானது தமிழ்நாட்டில்தான்.

எந்த ஹெல்மெட் வாங்கணும்?

மைதானத்தில், 20 கி.மீ.க்குள் ஓட்டுபவர்களுக்கு இ.என். 1078 தரச் சான்று உள்ள சைக்கிள் அல்லது ஸ்கேட் ஹெல்மெட் போதும். பின்னந்தலையை நன்றாக மூடும் மாடலாக இருக்க வேண்டும், ஏனென்றால் போர்டில் இருந்து பின்பக்கமாக விழுவது சகஜம். அதற்கு மேல் வேகம் என்றால் முகவாயையும் மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பைக் ஹெல்மெட் கொஞ்சம் கனமாக இருந்தாலும் இந்த இடத்தில் தாராளமாகப் பயன்படும்.

பைக் ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4151. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். முத்திரை நிஜமா என்று சந்தேகம் இருந்தால், அதனுடன் இருக்கும் லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். சாலையோரத்தில் 200 ரூபாய்க்குக் கிடைக்கும் தொப்பி மாதிரி ஹெல்மெட், போலீஸ் கண்ணில் இருந்து தப்பிக்கக்கூட உதவாது.

அடுத்தது ஃபிட். இதைச் செய்ய ஒரு நிமிடம் போதும்:

- முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்கணும். நெற்றி தெரிகிற மாதிரி பின்னால் சாய்த்துப் போட்டால் பயன் இல்லை.
- இரண்டு பக்கப் பட்டையும் காதுக்குக் கீழே ஒன்று சேரணும்.
- தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் மட்டும் நுழையணும்.
- பட்டையைப் போட்டுவிட்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது.

மலையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குளிருக்குக் கம்பளிக் குல்லா போட்டு, அதற்கு மேல் ஹெல்மெட் மாட்டுவது இங்கே பலருக்கும் பழக்கம். தடிமனான குல்லா ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடிக்கும். விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போகும். குளிர் தாங்க வேண்டுமென்றால் ஹெல்மெட்டுக்கு உள்ளே போடவே வரும் மெல்லிய துணி முகமூடி போதும். கழுத்தில் சுற்றிய மஃப்ளரின் நுனியையும், ஜெர்கினின் கயிற்றையும் உள்ளே செருகிவிட வேண்டும். வைசரில் மூச்சுக்காற்று படிந்து மங்கினால் காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள், அல்லது இறங்கி நடந்துவிடுங்கள்.

ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே ஃபோம் நசுங்கியிருக்கும். அது ஒருமுறைதான் நசுங்கும்.

ஹெல்மெட்டுக்கு அடுத்து முக்கியம் மணிக்கட்டுக் கவசம். விழும்போது யாராக இருந்தாலும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள். முழங்கால், முழங்கைப் பட்டைகளும் வேண்டும். காலில் தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ. செருப்போடு ஏறவே கூடாது.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியச் சட்டத்தில் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டுக்கு என்று தனிப் பிரிவு இல்லை. அதனால் "சட்டத்துல இல்லையே, அப்போ எங்கே வேணா ஓட்டலாம்" என்று முடிவு செய்துவிட முடியாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பேட்டரியில் ஓடும் வாகனம் மோட்டார் வாகனமாகக் கருதப்படாமல் இருக்க நிபந்தனைகள் உண்டு. மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் 25 கி.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். அதோடு இதை அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையம் ஒன்று பரிசோதித்துச் சான்று தர வேண்டும். புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அப்படிப்பட்ட மையங்கள். ஆன்லைனில் விற்கும் பல ஸ்கேட்போர்டுகள் 40 கி.மீ. வேகம், இரட்டை மோட்டார் என்றே விளம்பரம் செய்கின்றன. அவை இந்த விலக்குக்குள் வராது. பதிவு செய்யவும் வழி இல்லை. விதியை நேராகப் படித்தால் கிடைக்கும் பதில்: தனியார் வளாகம், மைதானம் ஓகே. பொதுச் சாலையில் ஓட்ட உரிமை இல்லை.

ஹெல்மெட் கட்டாயம் என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இருசக்கர வாகனத்தைப் பற்றித்தான் பேசுகிறது. மீறினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. நான்கு சின்னச் சக்கரம் உள்ள ஸ்கேட்போர்டின் பெயர் அதில் இல்லை. பதிவு தேவைப்படாத 25 கி.மீ. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் இதே இடைவெளியில்தான் நிற்கிறது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம் என்பதால் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இதை வாங்கித் தருகிறார்கள். கூடவே ஹெல்மெட்டும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அபராதம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். மேலே பார்த்த 20 கி.மீ. கணக்கு ஸ்கூட்டருக்கும் மாறாது.

வேறு பிரிவுகளும் இருக்கின்றன. பொதுவழியில் உயிருக்கு ஆபத்தாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவில் வழக்குப் போடலாம். காப்பீடு இல்லாத போர்டால் யாருக்காவது அடிபட்டால் இழப்பீடு முழுக்க ஓட்டியவர் கையில் இருந்துதான் போகும். பதிவு செய்யப்பட்ட எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை 18 வயதுக்குக் கீழே இருப்பவரிடம் விதியை மீறிக் கொடுத்து அவர் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் 199ஏ பிரிவில் உண்டு.

சிங்கப்பூர் என்ன செஞ்சது?

இந்தச் சாதனங்கள் தெருவுக்கு வந்த பிறகு விதி போட்ட ஊர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தது சிங்கப்பூர். அங்கே எடை 20 கிலோ, அகலம் 70 சென்டிமீட்டர், வேகம் 25 கி.மீ. என்று எல்லை வைத்தார்கள். பேட்டரி தீப்பிடிக்காமல் இருக்க யு.எல். 2272 என்ற தரத்தைக் கட்டாயமாக்கினார்கள்.

2019 செப்டம்பரில் பிடோக் பகுதியில் சைக்கிளில் போன 65 வயதுப் பெண் ஒருவர் மீது மின் ஸ்கூட்டர் மோதியது. அவர் சில நாட்களில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின் ஸ்கூட்டர் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு இது மற்ற மோட்டார் சாதனங்களுக்கும் விரிந்தது. இன்று அவற்றுக்கு இடம் சைக்கிள் பாதை மட்டும்.

மேடு பள்ளம் அதிகம் இல்லாத, தனி சைக்கிள் பாதைகள் உள்ள ஒரு நகரமே இந்த முடிவுக்கு வந்திருக்கிறது. கீழ் கோத்தகிரியில் சைக்கிள் பாதை கிடையாது. பல இடங்களில் நடைபாதையே கிடையாது. பஸ், லாரி, ஜீப், நடந்து போகிறவர், மாடு எல்லோருக்கும் ஒரே சாலைதான்.

விழுந்துட்டா என்ன செய்யணும்?

மலையில் தலைக்காயம் என்றால் நேரம்தான் முதல் எதிரி. கீழ் கோத்தகிரியில் இருந்து கோத்தகிரி சுமார் 15 கி.மீ. அங்கிருந்து மேட்டுப்பாளையம் 33. பிறகு கோவை சுமார் 35. மூளை அறுவை சிகிச்சைக்குக் கோவை போக வேண்டி வந்தால் 80 கி.மீ.க்கு மேல், அதில் பாதிக்கு மேல் வளைவுச் சாலை. பனி இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் போக முடியும்.

தலைக்காயத்தில் ஒரு ஏமாற்று வித்தையும் உண்டு. அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, சிரித்துப் பேசி, "ஒண்ணும் இல்ல" என்பார். மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகும். நடிகை நடாஷா ரிச்சர்ட்ஸன் 2009 மார்ச்சில் கனடாவில், பனிச்சறுக்கு பழகுபவர்களுக்கான சாதாரணச் சரிவில் விழுந்தார். ஹெல்மெட் போடவில்லை. நன்றாக இருப்பதாகச் சொன்னதால் முதலில் வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. இரண்டு நாளில் இறந்தார். மண்டைக்குள் ரத்தக்கசிவு என்று பிரேதப் பரிசோதனை சொன்னது.

அதனால் தலையில் அடிபட்டவருக்கு இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது: ஒரு நொடியாவது நினைவு தப்பியது, வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழறல், மூக்கில் அல்லது காதில் ரத்தமோ தண்ணீர் மாதிரியோ வடிவது. உடனே 108.

ஆம்புலன்ஸ் வரும் வரை கழுத்தை அசைக்க வேண்டாம். மூச்சுவிடச் சிரமப்பட்டால் தவிர ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். தண்ணீர், காபி, டீ எதுவும் கொடுக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை அரசே ஏற்கிறது. உதவி செய்தால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயமும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது.

சரி, அப்போ எங்கே, எப்படி ஓட்டலாம்?

ஸ்கேட்போர்டிங் ஒலிம்பிக் விளையாட்டு. ஆசை இருப்பவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. இடத்தைத் தேர்வு செய்தால் போதும். அனுமதி வாங்கிய பள்ளி மைதானம், வண்டி வராத சமதள சிமென்ட் தளம், கேட் போட்ட வளாகம் ஆகியவை சரியான இடங்கள். மலைப்பாதையும் ஹட்டிக்கு இறங்கும் சாலையும் அந்தப் பட்டியலில் வராது.

ஏறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை:

- பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டாம். தளத்தில் லேசான சரிவு இருந்தாலும் பிரேக் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு இடம் இருக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள்.
- ரிமோட் சார்ஜ் இருக்கிறதா? நடக்கும் வேகத்தில் ஒருமுறை பிரேக் போட்டுப் பார்த்தாச்சா?
- வேக மோடு குறைந்ததில் இருக்கிறதா? முதல் சில வாரங்களுக்கு 15 கி.மீ.க்கு மேல் வேண்டாம்.
- தரையில் ஈரம், இலை, ஜல்லி இருந்தால் அன்றைக்கு லீவு.
- இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம்.
- சார்ஜ் போடும்போது கூடவே வந்த சார்ஜர் மட்டும். நனைந்த போர்டை உடனே சார்ஜில் போடக் கூடாது. ராத்திரி முழுக்க வாசற்படிக்குப் பக்கத்தில் சார்ஜில் விடவும் கூடாது. தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும்.
- போர்டில் கால் வைக்கும் முன்பே ஹெல்மெட் பட்டை போட்டாச்சா? ஏறும்போதும் இறங்கும்போதும்கூட விழலாம்.

மைதானத்துக்குப் போகும் வழியில் இறக்கம் வந்தால்? போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் வழி. எட்டு கிலோ கொஞ்சம் கனம்தான். ஆனால் ஃபுல் சார்ஜோடு, பிரேக் இல்லாமல், பனிக்குள் இறங்குவதைவிட அது லேசு.